ஒன்பதாம் நாள் பூக்கும் புறா மலர்

புக்கிட் காத்தில் வட்டாரத்தில் பால்மரங்கள் நிரை நிரையாக நின்ற காலத்தில், ஆண்டில் சில நாட்களில் மட்டும், விடியுமுன் பிரட்டுக்குப் போகிறவர்களை வழியில் ஓர் இனிய மணம் எதிர்கொள்ளும். அது மல்லிகை மணமும் அல்ல, செண்பக மணமும் அல்ல. விளக்கைத் தூக்கிப் பார்த்தால் சாலையோரத்துத் தூங்குமூஞ்சி மரத்தின் கிளைகளில் வெள்ளைப் பூக்கள் வரிசை வரிசையாக மலர்ந்திருக்கும். முந்தின நாள் மாலையில் அங்கே ஒரு பூவும் விரிந்திருக்கவில்லை. மறுநாள் போய்ப் பார்த்தால் அத்தனையும் வாடித் தொங்கும். அந்த மரத்தில் மட்டுமல்ல, அடுத்த தோட்டத்து மரங்களிலும், கம்பத்துத் தென்னையிலும், பட்டணத்துச் சாலை மரங்களிலும் அதே நாளில் பூத்து அதே நாளில் வாடியிருக்கும்.

பூ அந்த மரத்தினுடையது அன்று. மரத்தின் மேல் தொற்றி வாழும் ஒரு செடியினுடையது. மலாய் மக்கள் அதை 'அங்கெரிக் மெர்பாத்தி' என்பார்கள். மெர்பாத்தி என்றால் புறா. பக்கவாட்டில் பார்த்தால் சிறகை விரித்துப் பறக்கும் வெள்ளைப் புறாவைப் போலவே இருக்கும். இலங்கையில் சிங்கள மக்களும் வெள்ளைப் புறாப் பூ என்ற பொருளில்தான் அதை அழைக்கிறார்கள். நாமும் புறா மலர் என்றே சொல்லிக்கொள்வோம்.

தோட்டங்களில் நம்மவர்கள் பலர் இதற்கு வைத்திருந்த பெயர் வேறு. மரத்தின் மேல் வேறு எது முளைத்திருந்தாலும் அது 'புல்லுருவி'. புல்லுருவி என்றால் மரத்தின் சத்தை உறிஞ்சும், உறிஞ்சினால் மரம் பட்டுப்போகும், ஆகவே கண்ட இடத்தில் வெட்டி எறி. இப்படிக் கத்திக்கு இரையான புறா மலர்ச் செடிகளுக்குக் கணக்கே இல்லை. அது நியாயமான தண்டனைதானா என்பதை இன்று பார்க்கப் போகிறோம். அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கிப் போக வேண்டும்.

மலாக்காவை டச்சுக்காரர்கள் ஆண்ட காலம். அதே டச்சுக் கம்பெனியின் ஊழியராக, கிழக்கே அம்போன் தீவில் ரம்பியஸ் என்ற ஜெர்மானியர் இருந்தார். 1627-இல் பிறந்தவர். அந்தத் தீவின் செடி கொடிகளைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதுவதையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார். 1670-இல் அவர் கண்பார்வை போயிற்று. 1674-இல் நேர்ந்த நிலநடுக்கத்தில் மனைவியையும் ஒரு மகளையும் இழந்தார். 1687-இல் தீ விபத்தில் அவர் சேர்த்து வைத்த படங்கள் எரிந்தன. மறுபடியும் படம் வரையச் செய்து, சொல்லிச் சொல்லி எழுத வைத்து அனுப்பிய கைப்பிரதி, 1692-இல் கப்பலோடு கடலில் மூழ்கியது. நல்ல வேளையாக பத்தாவியாவில் ஒரு நகல் எடுத்து வைத்திருந்தார்கள். 1702-இல் ரம்பியஸ் இறந்தார். நூல் அச்சேறி முடிய 1750 ஆகிவிட்டது.

அந்தக் கண்ணிழந்த மனிதர் மரத்தில் வாழும் ஆர்க்கிட் செடிகளைப் பற்றி எழுதும்போது, அவற்றைப் பிரபுக்களுக்கு ஒப்பிட்டார். தரையில் கால் வைக்காமல் உயரத்திலேயே வாழ விரும்புகிறவை என்பது அவர் கருத்து. நம் தோட்டத்தில் திருடன் என்று பெயர் வாங்கிய செடி, அம்போனில் பிரபு என்று பெயர் வாங்கியிருக்கிறது! இரண்டும் சரியில்லை என்பது பின்னால் தெரியும்.

புறா மலருக்கு அறிவியல் பெயர் வைத்தவர் சுவீடன் நாட்டுத் தாவர நூலார் ஓலோப் சுவார்ட்ஸ். ஆண்டு 1799. 'டென்ட்ரோபியம் குருமினேட்டம்' என்பது அப்பெயர். முற்பகுதி கிரேக்கச் சொற்களால் ஆனது, மரத்தில் வாழ்வது என்று பொருள். பிற்பகுதி, பணப்பையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பூவின் அடியில் சிறு சுருக்குப் பை போன்ற ஒரு பகுதி இருப்பதால் அப்படி வைத்தார்.

மரத்தில் வாழ்கிறது, சரி. மரத்தைத் தின்று வாழ்கிறதா? இந்த இடத்தில் நம் மலாக்காவிலேயே உயிர் விட்ட ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வில்லியம் கிரிஃபித் ஓர் ஆங்கிலேய மருத்துவர். 1832-இல் கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்காகச் சென்னையில் வந்து இறங்கினார். 1835-இல் அசாம் காட்டில் தேயிலைச் செடி இயற்கையாக வளர்வதைப் பார்த்து வரக் கம்பெனி அனுப்பிய குழுவில் அவரும் ஒருவர். தேயிலைத் தோட்டங்கள் அங்கே எழுவதற்கு முந்தைய கதை அது. பிறகு பூட்டான், ஆப்கானிஸ்தானம் என்று நடந்தே சுற்றினார். 1841-இல் மலாக்காவுக்கு மருத்துவராக மாற்றப்பட்டார். இங்குள்ள காடுகளில் திரட்டிய செடிகள் ஏராளம். இடையில் கல்கத்தா தாவரத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள அழைக்கப்பட்டுப் போனவர், 1845 ஜனவரியில் புது மனைவியோடு மலாக்கா திரும்பினார். வந்த சில நாட்களிலேயே ஈரல் நோய் கண்டது. பிப்ரவரி 9-ஆம் தேதி காலமானார். முப்பத்தைந்து வயதுகூட நிரம்பவில்லை. அவர் எழுதி வைத்த குறிப்புகள் இறந்த பிறகு கல்கத்தாவில் பல பாகங்களாக அச்சாயின.

கிரிஃபித் நுண்பெருக்காடியில் வைத்து விடாமல் ஆராய்ந்தவற்றுள் முக்கியமானது புல்லுருவி இனம். உண்மையான புல்லுருவி எப்படி வாழ்கிறது? அதன் பழம் பசை நிறைந்தது. சின்னஞ்சிறு குருவிகள் தின்று, கிளையில் தேய்த்துவிட்டுப் போகும். ஒட்டிய விதை முளைத்து, மண்ணைத் தேடாமல் பட்டையைத் துளைத்து உள்ளே போகும். மரத்தின் கட்டையோடு தன் கட்டையைப் பொருத்தி, மரம் வேரிலிருந்து ஏற்றும் நீரையும் உப்பையும் வழியிலேயே வாங்கிக்கொள்ளும். அந்த உறுப்புக்கு உறிஞ்சு வேர் என்று பெயர். பால்மரத்திலும் மாமரத்திலும் இந்தப் புல்லுருவி உண்டு. அது கிளையை மெலிய வைப்பதும் உண்மை. அதை வெட்டச் சொன்ன மண்டோர் சொன்னது சரிதான்.

கிரிஃபித் புல்லுருவியோடு சேர்த்து ஆராய்ந்த மற்றொரு மரம் சந்தனம். சந்தன மரமும் மண்ணுக்கடியில் பக்கத்து மரங்களின் வேரைக் கவ்வி உறிஞ்சுகிற வகைதான். வெளியே தெரியாததால் அதன் பெயர் கெடவில்லை. நெற்றியில் பூசி மரியாதை செய்கிறோம். ஒருவன் திருடன் என்பதும் அல்லன் என்பதும் பல சமயம் அவன் எங்கே நிற்கிறான் என்பதைப் பொறுத்தே முடிவாகிவிடுகிறது. பிறர் நட்ட மரத்தில் ஏறி வாழ வந்தவர்கள் என்று நம்மையும் பேசியவர்கள் உண்டு. அது வேறு பேச்சு. செடிக்கு வருவோம்.

புறா மலர்ச் செடியைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதன் வேர்கள் பட்டையின் மேலேயே வெள்ளைக் கயிறு போல ஓடும். ஒரு வேர்கூடப் பட்டைக்குள் நுழையாது. மெதுவாக உரித்தால் கையோடு வந்துவிடும், பட்டையில் காயம் இருக்காது. புல்லுருவியை அப்படி உரிக்க முடியாது. அது சேர்ந்த இடம் முண்டு முண்டாக வீங்கி, மரமும் அதுவும் ஒன்றாகிப் போயிருக்கும். ஐயம் வந்தால் இலையைப் பார்க்க வேண்டாம், சேர்ந்த இடத்தைப் பாருங்கள். கத்தி எடுக்குமுன் பார்க்க வேண்டிய சோதனை இது ஒன்றுதான்.

வேரின் வெண்மைக்கும் காரணம் உண்டு. வேரைச் சுற்றி உயிரற்ற சிற்றறைகள் பல அடுக்காகப் பஞ்சு போல் அமைந்திருக்கின்றன. தாவர நூலில் இதை வெலாமன் திசு என்பார்கள். காய்ந்திருக்கும்போது காற்று நிறைந்து வெள்ளையாகத் தெரியும். மழைத்துளி பட்டதும் நொடியில் நீரை இழுத்துக்கொள்ளும். அப்போது உள்ளிருக்கும் பச்சை நிறம் வெளியே தெரியும். மழைநீர் மரத்தின் மேலிருந்து இறங்கும்போது தூசியையும், இலை மக்கிய உப்பையும், பறவை எச்சத்தையும் கரைத்துக்கொண்டு வருகிறதல்லவா? அதுதான் இதற்குச் சாப்பாடு. மரத்திடம் கேட்பது நிற்க ஓர் இடமும் கொஞ்சம் வெளிச்சமும் மட்டுமே.

மழை எப்போதும் பெய்யாது. மரக்கிளையில் மண் கிடையாது, ஈரம் தங்காது. ஒரு வாரம் வெயில் அடித்தால் அங்கே பாலைவனம்தான். ஆகவே செடி தன் தண்டின் அடிப்பகுதியில் சில கணுக்களைப் பருக்க வைத்து, அதில் நீரைச் சேமித்து வைக்கிறது. பழைய தண்டுகளில் அந்தப் பருத்த பகுதி மஞ்சள் பூத்து, வரி வரியாகச் சுருங்கியிருப்பதைக் காணலாம். அதற்கு மேலே தண்டின் நடுப்பகுதியில் தோல் போன்ற தடித்த இலைகள் இருபுறமும் மாறி மாறி அமைந்திருக்கும். நுனிப்பகுதி இலையில்லாமல் குச்சி போல் நீண்டு கிடக்கும். பூ வருவது அந்த வெறுங்குச்சியில்தான். ஒவ்வொரு கணுவிலும் உலர்ந்த செதில்கள் ஒரு சிறு கொத்தாக இருக்கும். அதனுள்ளே மொட்டுகள் ஒளிந்திருக்கின்றன. இலையற்ற அந்தக் குச்சியைப் பட்டுப்போனதென்று கிள்ளி எறிகிறவர்கள் அந்த ஆண்டுப் பூவையே கிள்ளி எறிகிறார்கள்.

இதைப் போன்ற தொற்றுச் செடிகளின் வாழ்க்கையை முழுமையாக ஆராய்ந்து ஜெர்மானியர் ஷிம்பர் 1888-இல் ஒரு நூல் வெளியிட்டார். அடுத்த பத்தாண்டில், நம் ஊரின் முகமே மாறியது. மலாக்காவில் பிறந்து வளர்ந்த டான் சாய் யான் என்ற சீனப் பெருமகனார், 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் காட்டை வெட்டி ரப்பர் கன்றுகளை நட்டார். இந்நாட்டில் வாணிபத்துக்காக ரப்பர் நட்ட முதல் தோட்டம் அது. அவரைத் தூண்டியவர் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்தின் தலைவர் ரிட்லி. தோட்டக்காரர்களின் சட்டைப் பையில் ரப்பர் விதையைத் திணித்துத் திணித்துப் 'பைத்தியக்கார ரிட்லி' என்ற பட்டம் வாங்கியவர். பிறகு புக்கிட் ஆசஹானில் பெருந்தோட்டம் எழுந்தது. மலாக்காவின் மேடு பள்ளமெல்லாம் பால்மரம் ஆயிற்று. கங்காணிமார் அழைத்து வர, சேலத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் வட ஆர்க்காட்டிலிருந்தும் நம் பாட்டன் பாட்டிமார் வந்து சேர்ந்தார்கள். புக்கிட் காத்தில் என்ற பெயரைக் கேட்டதும் அவர்களுக்கு என்ன தோன்றியதோ! மலாய் மொழியில் காத்தில் என்பது கட்டில்தான். நம் சொல் அவர்களுக்கு வெகுகாலம் முன்பே வந்து இங்கே தங்கிவிட்டிருந்தது.

காடு போனதும் நிழலில் வாழ்ந்த ஆர்க்கிட் இனங்கள் பலவற்றுக்கு இடமில்லாமல் போயிற்று. புறா மலர் மட்டும் தோற்கவில்லை. அது ஆதியிலிருந்தே வெயில் விரும்பி. அடர்ந்த காட்டின் உள்ளே அல்ல, கடலோரத்திலும் வெளிச்சமான மரங்களிலும் வாழ்ந்து பழகியது. ஆகவே சாலையோர மரத்துக்கும் கம்பத்து மாமரத்துக்கும் பால்மரத்துக்கும் குடிபெயர்ந்துகொண்டது. குடிபெயர்வதற்கு அதனிடம் இருந்த வாகனம் காற்று. அதன் விதை மாவைவிட மெல்லியது, ஒரு காயில் அடங்கியிருப்பவை கணக்கில் அடங்காதவை. ஆனால் அவ்வளவு சிறிய விதையில் முளைக்கத் தேவையான உணவு கிடையாது. பிறகு எப்படி முளைக்கிறது? பிரான்ஸ் நாட்டு நோயல் பெர்னார்ட் 1899-இல் இதைக் கண்டுபிடித்தார். ஆர்க்கிட் விதைக்குள் ஒரு வகைக் காளான் இழை புகுந்து உணவு ஊட்டினால்தான் அது முளைக்கும். பறந்து போன விதைகளில் பெரும்பாலானவை அந்தக் காளானைச் சந்திக்காமலே மடிகின்றன. மரத்தில் நாம் காணும் ஒரு செடி, அப்படித் தப்பிப் பிழைத்த ஒன்று.

இனி அந்த ஒரே நாள் பூவின் மர்மத்துக்கு வருவோம். சாவாவில் பொகோர் தாவரத் தோட்டத்துக்கு வந்த டச்சு அறிஞர் வென்ட் 1898-இல் இதைப் பற்றி எழுதினார். 1915-இல் ருட்கர்ஸ் என்பவரோடு சேர்ந்து மறுபடியும் எழுதினார். சிங்கப்பூரில் ரிட்லிக்குப் பின் தோட்டத் தலைவராக வந்த பர்கில் 1917-இல் தம் தோட்டத்தின் இதழில் எழுதினார். பெரிய மழைக்கும் பூவுக்கும் தொடர்பு இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரிந்தது. மழையின் ஈரம் காரணமா, இடி காரணமா, குளிர் காரணமா? 1926-இல் சாவாவில் கோஸ்டர் என்பவரின் ஆராய்ச்சி வெளியாயிற்று. காரணம் ஈரமல்ல, திடீர்க் குளிர்ச்சியே என்பது அதில் தெளிவாயிற்று. தண்ணீர் தெளிப்பதால் மட்டும் பூ வராது. குளிர்வித்தால் மழையே இல்லாமலும் வரும்.

நடப்பது இதுதான். செதில் கொத்துக்குள்ளே மொட்டுகள் ஓர் அளவு வரை வளர்ந்து, அப்படியே நின்றுவிடும். ஒன்று முன்னே, ஒன்று பின்னே என்று தோன்றியவையெல்லாம் அந்த ஒரே கட்டத்தில் வந்து தூங்கும். சில நாள் கடும் வெயில் அடிக்கும். ஒரு பிற்பகலில் வானம் இருண்டு, காற்றடித்து, பெருமழை கொட்டும். சற்று நேரத்துக்குள் வெப்பம் 5, 6 டிகிரி செல்சியஸ் இறங்கிவிடும். அந்தக் குளிர்தான் எழுப்பு மணி. அன்றிலிருந்து எல்லா மொட்டுகளும் ஒரே வேகத்தில் வளர்ந்து, ஒன்பதாம் நாள் விடியுமுன் விரிகின்றன. இவ்வினத்துக்கு நெருங்கிய வேறு சில ஆர்க்கிட்களும் இதே குளிருக்கு விழிப்பவை. ஆனால் ஒன்றுக்கு எட்டு நாள், மற்றொன்றுக்குப் பத்து நாள் என்று கணக்கு மாறுகிறது. அதனால் மகரந்தம் கலந்து போவதில்லை.

இவ்வளவு ஏற்பாடு எதற்கு? இந்தப் பூவுக்கு ஆயுள் ஒரு நாள். அதோடு, தன் மகரந்தம் தன் மேல் பட்டால் காய்க்காது. வேறொரு செடியின் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவர வேண்டும். ஒரு செடி திங்களன்றும் அடுத்தது வியாழனன்றும் பூத்தால் இரண்டுமே மலடாகிப் போகும். தொலைவில் நிற்கும் செடிக்குச் சொல்லி அனுப்ப வாயுமில்லை, ஆளுமில்லை. வட்டாரம் முழுவதற்கும் ஒரே நேரத்தில் கிடைக்கும் செய்தி அந்த மழைக் குளிர் ஒன்றே. பிரட்டுச் சங்கு ஊதினால் எல்லா லயத்துக் கதவும் திறப்பதில்லையா, அதுபோல.

இவ்வளவு தெரிந்த பிறகும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மரத்தில் தொற்றும் எல்லாவற்றுக்கும் நாம் நற்சான்று தரவில்லை. பறவைக்கூட்டுப் பெரணி போன்றவை பெருத்து, மழைநீரில் ஊறிக் கனத்தால், பலமற்ற கிளை முறியக்கூடும். வீட்டுக் கூரை மேல் சாய்ந்த கிளையில் அது இருந்தால் அகற்றுவதே அறிவு. புறா மலர்ச் செடியில் அந்தப் பாரமும் இல்லை.

இப்போது அதற்கு ஆபத்து கத்தியால் அல்ல. பால்மரங்கள் இருபத்தைந்து முப்பது ஆண்டுகளில் வெட்டப்பட்டு மறுநடவு ஆவது வழக்கம். பிறகு பல இடங்களில் அவை செம்பனைக்கு வழி விட்டன. புக்கிட் காத்தில் பக்கம் தோட்ட நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறின. ஒரு பெரிய மரம் சாயும்போது அதன் மேலிருந்த செடிகளும் தரையில் கிடந்து, கரையான் பட்டு அழியும்.

அப்படி விழுந்த மரத்தைக் கண்டால், செடியைப் பட்டையோடு சேர்த்து எடுத்து வரலாம். மரத்துக்குச் சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு எடுங்கள். மண்ணில் நட வேண்டாம், அழுகிவிடும். வீட்டு வாசலில் உள்ள மாமரத்திலோ தென்னையிலோ, காலை வெயில் படும் பக்கமாக வைத்து, தேங்காய் நாரால் இறுக்கிக் கட்டுங்கள். மழையில்லாத நாளில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் போதும். புது வேர் விட்டுப் பட்டையைப் பிடித்துக்கொண்ட பிறகு நார் தானே மக்கிப்போகும்.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை தருகிறோம். வெயில் காலத்தில் ஒரு பிற்பகல் திடீரென்று குளிர்ந்து பெருமழை கொட்டினால், சுவரில் தொங்கும் நாட்காட்டியில் அந்தத் தேதியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு வையுங்கள். ஒன்பது நாள் எண்ணுங்கள். அன்று விடியுமுன் எழுந்து வாசலுக்குப் போய்ப் பாருங்கள். கட்டி வைத்த செடி பூத்திருந்தால், அப்படியே சாலைக்கும் நடந்து, அங்கே நிற்கும் பழைய மரத்தை அண்ணாந்து பாருங்கள். இடம் மாறி வந்த செடியும் அதே காலையில்தான் பூத்திருக்கும்.